படகு பெரிது, எஞ்சின் சிறிது: வாங்கலாமா?



இந்த மாதம் உங்களிடம் ஒரு யோசனை கேட்கப் போகிறோம். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் தயாராக ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக் கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் செசபீக் விரிகுடா என்று ஒரு நீண்ட நீர்ப்பரப்பு உண்டு. நீளம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். ஆனால் சராசரி ஆழம் வெறும் ஆறரை மீட்டர்தான்! அதன் கரைகளில் வாழும் குடும்பங்கள் பல சொந்தமாகப் படகு வைத்திருக்கின்றன. விடுமுறை வந்தால் படுக்கை, அடுப்பு, குடிதண்ணீர் எல்லாவற்றோடும் படகிலேயே இரண்டு நாள் தங்கிவிட்டு வருவார்கள். இப்படி உள்ளே அறைகள் அமைந்த மோட்டார் படகைக் 'கேபின் குரூசர்' என்கிறார்கள்.

அங்கே வாழும் ஒரு குடும்பத்தார் பழைய கேபின் குரூசர் ஒன்றை வாங்க நினைக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். படகு பார்க்க அழகாக இருக்கிறது. நீரைத் தொடும் பகுதியின் நீளம் எட்டரை மீட்டர். காலி எடை 5,000 கிலோகிராம். அதே அளவுள்ள மற்றப் படகுகளைவிட விலை மூன்றில் ஒரு பங்கு குறைவு! ஏன்? அதில் உள்ள இரண்டு பெட்ரோல் எஞ்சின்களும் சிறியவை. ஒவ்வொன்றும் 110 குதிரைத் திறன்தான். "எஞ்சின் சிறியதாக இருந்தால் என்ன? சற்று மெதுவாகப் போகும், அவ்வளவுதானே! பெட்ரோலும் மிச்சம்" என்கிறார் விற்பவர்.

அவர் சொல்வது சரியா? அவர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த பணம் இது. அந்தப் படகில் ஏறப் போகிறவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். நீங்கள் என்ன யோசனை சொல்வீர்கள்?

லாரி ஓடியதே!

நம் சாலைகளில் பல ஆண்டுகள் ஓடிய சரக்கு லாரிகளை நினைத்துப் பாருங்கள். சரக்கோடு பன்னிரண்டு டன் எடை. எஞ்சினோ ஏறத்தாழ 110 குதிரைத் திறன். அந்த லாரியின் எடையில் பாதிகூட இல்லாத இந்தப் படகில் 220 குதிரைத் திறன் இருக்கிறது. அப்படியிருக்க 'எஞ்சின் சிறியது' என்பது எப்படிப் பொருந்தும்?

விடை சாலைக்கும் தண்ணீருக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. சமதளச் சாலையில் லாரி தன் வேகத்தைப் பெற்றுவிட்டால், பிறகு சக்கர உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் மட்டும் சமாளித்தால் போதும். எஞ்சினின் முழுத் திறனும் தேவைப்படாது. மலைப்பாதை வந்தால்தான் எஞ்சின் முக்கி முனகும். வேகமாக ஓடும் மோட்டார் படகுக்கோ, புறப்பட்டதிலிருந்து கரை சேரும்வரை மலைப்பாதைதான்! இது வெறும் உவமை அல்ல. படகு உண்மையிலேயே ஒரு மேட்டில் ஏற வேண்டியிருக்கிறது. அந்த மேட்டை உண்டாக்குவதும் அந்தப் படகேதான்.

தானே கட்டிய மதில்

குளத்தில் வாத்து நீந்துவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் நெஞ்சுக்கு முன்னால் ஒரு சிறு அலை எழும். படகும் அப்படியே. நம் மீனவர்கள் 'அணியம்' என்று அழைக்கும் முன்முனை நீரைத் தள்ளும்போது அங்கே ஓர் அலைமுகடு எழுகிறது. படகோடு சேர்ந்து அதுவும் நகர்கிறது.

ஆழமான நீரில் அலையின் வேகத்துக்கும் அதன் நீளத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரமே அலைநீளம். அதை மீட்டரில் எழுதி வர்க்கமூலம் கண்டு, 1.25-ஆல் பெருக்குங்கள். அலையின் வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும். நீண்ட அலை விரைவாக ஓடும். குட்டை அலை மெதுவாக ஓடும்.

படகின் வேகம் கூடக்கூட அதன் அலையும் நீள வேண்டும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் சமமாகிவிடும். அப்போது ஒரு முகடு அணியத்திலும் அடுத்த முகடு பின்முனையிலும் நிற்கும். படகு நடுவில் உள்ள பள்ளத்தில் அமர்ந்திருக்கும். இன்னும் வேகம் கூட்டினால் என்ன ஆகும்? பின்முகடு படகைவிட்டு விலகிப் பின்னால் போய்விடும். தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் படகின் பின்பகுதி பள்ளத்தில் இறங்கும். அணியம் வானத்தைப் பார்க்கும். படகு தன் முன்னலை என்னும் மேட்டில் ஏற முயலும். மேடோ படகோடு சேர்ந்தே ஓடுகிறது. ஏறி முடிவதே இல்லை!

நம் படகுக்கு இந்த எல்லையைக் கணக்கிடுவோம். 8.5-இன் வர்க்கமூலம் 2.9. அதை 1.25-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 3.6 மீட்டர், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர். கடலில் வேகத்தை 'நாட்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆகவே நம் படகின் எல்லை 7 நாட்.

வாத்துக்கும் இதே விதிதான்! 1970-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் காட்டு வாத்துகளை ஓடும் நீரில் நீந்தவிட்டு அளந்தார்கள். வாத்தின் உடல் நீரைத் தொடும் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். அதனால் நிலையாக நீந்த முடிந்த வேகம் விநாடிக்குச் சுமார் 0.7 மீட்டர். மேலே சொன்ன விதிப்படி நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். விடை பொருந்துகிறதா?

மெழுகுப் படகுகளின் தந்தை

இந்த உண்மைகளை முறையாக அளந்து காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஃபுரூட் (1810–1879). ரயில் பாதைகள் அமைக்கும் பொறியாளராக இருந்தவர் இவர். பெரிய கப்பலைக் கட்டி முடித்துத் தண்ணீரில் விட்ட பிறகுதான் அது எவ்வளவு வேகம் போகும் என்று தெரியவந்த காலம் அது. போதாது என்றால் பணம் முழுவதும் வீண். சிறு மாதிரியை இழுத்துப் பார்த்தே கப்பலின் குணத்தைச் சொல்ல முடியாதா என்று ஃபுரூட் சிந்தித்தார்.

1867-இல் டார்ட் ஆற்றில் 'அன்னம்', 'அண்டங்காக்கை' என்ற பொருள்படும் பெயர்கள் சூட்டிய இரு வடிவ மாதிரிகளை மூன்று, ஆறு, பன்னிரண்டு அடி நீளங்களில் செய்து இழுத்துப் பார்த்தார். ஒரே வடிவமுள்ள சிறிய மாதிரியும் பெரிய மாதிரியும் ஒரே மாதிரியான அலைகளை எப்போது எழுப்பும்? வேகத்தை நீளத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் இரண்டுக்கும் சமமாக இருக்கும்போது! இதுவே அவர் கண்ட விதி. 1871-இல் 'கிரேஹவுண்ட்' என்ற போர்க்கப்பலையே இன்னொரு கப்பலால் இழுக்கச் செய்து, இழுவிசையை அளந்து, மாதிரியின் கணக்கோடு ஒப்பிட்டார். டார்க்கி நகரில் தம் வீட்டருகே நீண்ட நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டி, பாரஃபின் மெழுகால் மாதிரிகள் செய்து சோதித்தார். இன்றும் கப்பல் மாதிரிகள் இத்தகைய தொட்டிகளில்தாம் இழுத்துச் சோதிக்கப்படுகின்றன.

மேட்டைத் தாண்டும் வழி

அப்படியானால் எட்டரை மீட்டர் படகு எதுவும் 7 நாட்டுக்குமேல் போகாதா? போகிறதே! எப்படி?

தட்டையான ஓட்டுச் சில்லைக் குளத்தின்மேல் வீசித் தத்தித் தத்தி ஓடவிட்டிருப்பீர்கள். கல்லைவிட நீர் இலேசு. இருந்தும் சில்லு மூழ்குவதில்லை. வேகமாகச் சாய்ந்து மோதும் சில்லை நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. கேபின் குரூசரின் அடிப்பகுதி, குறிப்பாகப் பின்பாதி, தட்டையாக இருப்பது இதற்காகத்தான். போதிய வேகம் வந்ததும் நீரின் தள்ளுவிசை படகின் எடையில் பெரும்பங்கைத் தாங்கிவிடும். படகு நீரைப் பிளந்து செல்வதை விட்டுவிட்டு, நீர்மேல் வழுக்கி ஓடத் தொடங்கும். அணியம் தாழும்; அலை சிறுக்கும்; ஓட்டுபவருக்கு முன்னால் வழி தெரியும்.

நம் படகு இப்படி வழுக்கி ஓடுவதற்கு ஏறத்தாழ 13 முதல் 16 நாட் வேகம் வேண்டும். 7 நாட்டுக்கும் 13 நாட்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அந்த மேடு. அதைத் தாண்டும் திறன் எஞ்சினுக்கு இருக்க வேண்டும். தாண்டியபின் அங்கேயே நிற்கவும் திறன் மிச்சம் இருக்க வேண்டும். இங்கேதான் நம் கேள்வியின் உயிர்நாடி இருக்கிறது. எஞ்சின் பத்து விழுக்காடு சிறியதானால் வேகமும் கொஞ்சம் குறையும் என்பது வழுக்கி ஓடும் வரையில்தான் உண்மை. எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டால் 15 நாட் 14 ஆவதில்லை. படகு மேட்டுக்குப் பின்னால் சரிந்து, வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

பென்சிலை எடுங்கள்

அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஜார்ஜ் கிரௌச் என்பவர் ஒரு சுலபமான வாய்பாடு தந்திருக்கிறார். அதைக் கிலோகிராமுக்கு மாற்றி இப்படிச் சொல்லலாம்: படகின் எடையைக் குதிரைத் திறனால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தைக் காணுங்கள். 100-ஐ அந்த வர்க்கமூலத்தால் வகுத்தால், சாதாரணக் குரூசர் வழுக்கி ஓடும் உச்ச வேகம் நாட் கணக்கில் ஏறத்தாழக் கிடைக்கும்.

விற்பவரின் கணக்கு இது: 5,000-ஐ 220-ஆல் வகுத்தால் 22.7. வர்க்கமூலம் 4.8. உச்ச வேகம் 21 நாட்! பிரமாதம் அல்லவா? வாங்கிவிடலாமா?

பொறுங்கள். 5,000 கிலோ என்பது காலிப் படகின் எடை. காலிப் படகில் யார் போவார்கள்? 600 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 445 கிலோ. 150 லிட்டர் குடிநீர் 150 கிலோ. ஆறு பேர் 450 கிலோ. ஆக மொத்தம் 6,045 கிலோ. இதை 220-ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 5.2. உச்ச வேகம் 19 நாட் ஆகிவிட்டது. நங்கூரம், சங்கிலி, பாத்திரம், படுக்கை ஆகியவற்றை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

அடுத்து, எஞ்சின் பழையது. திறனில் 15 விழுக்காடு தேய்ந்திருக்கிறது என்று கொள்வோம். மிஞ்சுவது 187 குதிரைத் திறன். உச்ச வேகம் 17.6 நாட்.

இன்னும் ஒன்று. எஞ்சினை மணிக்கணக்காக முழு முடுக்கத்தில் ஓட்டினால் அது நீண்டகாலம் உழைக்காது. முக்கால் பங்குத் திறனில் ஓட்டுவதே நல்லது. அதாவது 140 குதிரைத் திறன். வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 15 நாட்!

வழுக்கி ஓடத் தேவையான வேகம் எவ்வளவு என்று சொன்னோம்? 13 முதல் 16 வரை. படகு மேட்டின் விளிம்பில் நிற்கிறது பார்த்தீர்களா? அடிப்பகுதியில் பாசியும் ஒட்டுச்சிப்பியும் கொஞ்சம் படிந்தால் போதும். எதிர்காற்று வீசினால் போதும். விருந்தினர் இருவர் கூட ஏறினால் போதும். படகு விளிம்பிலிருந்து சரிந்துவிடும். பிறகு முழு முடுக்கத்தில் எஞ்சின் அலறும். படகோ பின்பகுதி தாழ்ந்து, அணியம் நிமிர்ந்து, தன் மேட்டோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கும்.

பெட்ரோல் மிச்சமா?

பெட்ரோல் எஞ்சின் ஒன்று ஒரு குதிரைத் திறனை ஒரு மணி நேரம் தருவதற்குச் சுமார் 0.38 லிட்டர் பெட்ரோலை எரிக்கிறது. இந்தப் படகு 7 நாட்டில் சாவதானமாகச் செல்ல 30 குதிரைத் திறன் போதும். மணிக்கு 11 லிட்டர் செலவு. 13 கிலோமீட்டர் பயணம். கிலோமீட்டருக்கு 0.9 லிட்டர்.

19 நாட்டில் முழுத் திறனோடு ஓடினால் மணிக்கு 84 லிட்டர், 35 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 2.4 லிட்டர்.

மேட்டில் சிக்கிக்கொண்டு 12 நாட்டில் தத்தளிக்கும்போது 150 குதிரைத் திறன் செலவாகிறது என்று கொண்டால்? மணிக்கு 57 லிட்டர், 22 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 2.6 லிட்டர்! வேகமும் இல்லை, சிக்கனமும் இல்லை. சிறிய எஞ்சின் சிக்கனம் என்ற பேச்சு எங்கே போயிற்று?

புயல் மேகம் எழுந்தால்

செசபீக் விரிகுடாவில் கோடைக்காலப் பிற்பகல்களில் திடீரென்று இடிமழை வரும். ஆழம் குறைந்த நீர் என்பதால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து படகை அறையும். மேற்கே கருமேகம் தெரிகிறது. துறைமுகம் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 16 நாட்டில் ஓடும் படகு ஒரு மணி நேரத்தில் கரை சேரும். 7 நாட் படகுக்கு 2 மணி 18 நிமிடம் ஆகும். ஆகவே இது வெறும் பணத்தைப் பற்றிய கேள்வி அல்ல.

"இரண்டு எஞ்சின் இருக்கிறதே, ஒன்று நின்றாலும் மற்றொன்று காப்பாற்றாதா?" என்று கேட்பீர்கள். காப்பாற்றும்; ஆனால் மெதுவாகத்தான். ஒற்றைச் சிறிய எஞ்சினால் மேட்டைத் தாண்ட முடியாது. 7 நாட்டில்தான் திரும்ப வேண்டும். கரை சேரலாம் என்பது உண்மை. மழையை முந்தலாம் என்பது பொய்.

வாங்குமுன் செய்யும் சோதனை

இத்தனையும் தாளில் போட்ட கணக்கு. நீர் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டாமா? அமெரிக்காவில் பழைய படகு வாங்குவோர், 'பரிசோதனையும் வெள்ளோட்டமும் திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன்' என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் எழுதுவது வழக்கம். படகு மதிப்பீட்டாளர் ஒருவர் கட்டணம் பெற்றுக்கொண்டு படகை நீரிலிருந்து தூக்கி, அடிப்பகுதி, எஞ்சின், வயரிங் எல்லாவற்றையும் சோதிப்பார்.

வெள்ளோட்டத்தில் கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று: பெட்ரோல் தொட்டியும் நீர்த்தொட்டியும் நிரம்பியிருக்க வேண்டும், ஆறு பேர் ஏற வேண்டும். விற்பவர் அரைக்கால் தொட்டி பெட்ரோலோடும் ஒற்றை ஆளோடும் ஓட்டிக்காட்டினால் ஏமாறக் கூடாது.

இரண்டு: எஞ்சினை இயக்குமுன் அடித்தளக் காற்றாடியை நான்கு நிமிடமாவது ஓடவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். ஒரு பொறி பட்டால் வெடித்துவிடும்.

மூன்று: முழு முடுக்கத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் செய்தவர்கள் குறிப்பிட்ட சுழற்சியை அது எட்டாவிட்டால், எஞ்சினுக்குப் பாரம் அதிகம் என்று பொருள். இதற்குப் புரொப்பெல்லரும் காரணமாக இருக்கலாம். சைக்கிளில் பெரிய பல்சக்கரத்தோடு மேட்டில் ஏறினால் கால் சுழலாது அல்லவா? அதுபோல, ஒரு சுற்றில் அதிக தூரம் முன்னேறுமாறு திருகப்பட்ட புரொப்பெல்லர் சிறிய எஞ்சினைத் திணறடிக்கும். திருகளவு குறைந்த புரொப்பெல்லரை மாட்டினால் எஞ்சின் மூச்சு விடும். இது சிறு செலவில் முடியும் வைத்தியம். ஆனால் இல்லாத திறனை எந்தப் புரொப்பெல்லராலும் உண்டாக்க முடியாது.

நான்கு: வழுக்கி ஓடத் தொடங்கியதும் முடுக்கியைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். முக்கால் திறனிலும் படகு நீர்மேல் நிற்கிறதா, பின்பகுதி அமிழ்கிறதா? தீர்ப்பு இங்கேதான் தெரியும்.

பெரிய எஞ்சின் மாட்டிவிடலாமே!

மாட்டலாம். எவ்வளவு பெரியது? முக்கால் திறனில் 20 நாட் வேண்டுமானால், அதே வாய்பாட்டின்படி 242 குதிரைத் திறன் தேவை. முழுத் திறன் 323. அதாவது ஒவ்வொன்றும் 160 குதிரைத் திறனுக்குமேல் உள்ள இரண்டு எஞ்சின்கள். எஞ்சினோடு முடிந்துவிடாது. தாங்கு கட்டைகள், தண்டுகள், புரொப்பெல்லர்கள், எரிபொருள் குழாய்கள் பலவும் மாற வேண்டும். புதிய எஞ்சின் எடையும் கூடுதல். பெட்ரோலும் கூடுதலாக ஏற்ற வேண்டும். பழைய படகின் விலையையே இந்தச் செலவு விழுங்கிவிடுவது உண்டு. மலிவாக வாங்கியது மலிவாக இருக்காது.

வேறொரு வழியும் உண்டு. அது இந்தப் படகுக்கு உதவாது. நீண்டு ஒல்லியான உடல் பெரிய அலையை எழுப்புவதில்லை. ஆகவே மேடும் சிறிது. இரட்டை உடல் கொண்ட 'கேட்டமரான்' படகுகள் இந்தத் தத்துவத்தால்தான் குறைந்த திறனிலும் விரைகின்றன. அந்தப் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. இரட்டை உடல் அமைப்போ பசிபிக் தீவு மக்களின் கைவண்ணம்.

நம் தீர்ப்பு

ஆகவே அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன சொல்வது? முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "நீங்கள் எந்த வேகத்தில் போக விரும்புகிறீர்கள்?"

"7 நாட் போதும். கரையோரமாக, ஆற்றுமுகங்களில், பறவைகளைப் பார்த்துக்கொண்டு போவோம். வானிலை அறிவிப்பைக் கேட்டபின்தான் புறப்படுவோம்" என்றால், இந்த எஞ்சின்கள் சிறியவையே அல்ல, தேவைக்கு ஏழு மடங்கு பெரியவை! தட்டை அடிப்பகுதி மெல்லச் செல்லும்போது சற்று அலைபாயும். அதைப் பொறுத்துக்கொண்டு, விலை இன்னும் குறைந்தால் வாங்கலாம்.

"சனிக்கிழமை காலை விரிகுடாவைக் கடந்து ஞாயிறு மாலை திரும்ப வேண்டும்" என்றால், வேண்டாம். அவர்களுக்கு வேண்டிய வேகம் இந்தப் படகில் இல்லை. விளிம்பில் நிற்கும் எஞ்சின் ஒவ்வொரு பயணத்திலும் முழு மூச்சோடு உழைத்துச் சீக்கிரமே ஓய்ந்துவிடும்.

'சிறியது', 'பெரியது' என்று எஞ்சினைத் தனியாகப் பார்த்துச் சொல்ல முடியாது. எடை, வேகம், வேலை மூன்றையும் அருகில் வைத்துப் பார்த்தால்தான் அந்தச் சொற்களுக்குப் பொருள் பிறக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

தேவை: இரண்டு மீட்டர் நீளமுள்ள தகரத் தொட்டி அல்லது மழைநீர்த் தகடு, 9 சென்டிமீட்டர் நீளமுள்ள சோப்புப்பெட்டி, நூல், ஒரே மாதிரியான நாணயங்கள், நிறுத்துக் கடிகாரம்.

நூலின் ஒரு முனையைப் பெட்டியின் முன்பகுதியில் கட்டுங்கள். மறுமுனையைத் தொட்டியின் வழவழப்பான விளிம்பில் தொங்கவிட்டு ஒரு நாணயம் கட்டுங்கள். பெட்டி ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்கும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு இரண்டு, நான்கு, எட்டு நாணயங்கள். ஒவ்வொரு முறையும் இழுவிசை இரு மடங்காகிறது. வேகமும் இரு மடங்காகிறதா? வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள்.

விடை தேடுங்கள்: இதே படகு 3,000 கிலோ எடை மட்டும் இருந்தால், 220 குதிரைத் திறனில் உச்ச வேகம் என்ன? அப்போதும் விற்பவர் விலையைக் குறைப்பாரா?